ஆளில்லாத பைண்டிங்குகளை எடுத்துவிடலாம், சொல்லிவிட்டு எடுங்கள்

ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் அடிக்கடி வரும் சண்டை இது. பழைய மொழி பைண்டிங்குகளை வைத்திருப்பதா, தூக்குவதா? "அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு, ஏன் கை வைக்கிறீங்க?" என்பார் ஒருவர். "சரி, யாருங்க அதைப் பார்த்துக்கிறது?" என்பார் இன்னொருவர். என் ஓட்டு இரண்டாமவருக்கு, ஆனால் சில நிபந்தனைகளோடு.

ஐ.டி. துறையில் இல்லாதவர்களுக்கு ஒரு வரி: பைண்டிங் என்பது துபாஷி மாதிரி. சி++ மொழியில் எழுதிய லைப்ரரியை பைத்தான், கோ போன்ற மொழிகளிலிருந்து கூப்பிட உதவுவது. மூல லைப்ரரியின் இன்டர்ஃபேஸ் மாறும்போதெல்லாம் இதையும் மாற்றியாக வேண்டும். சும்மா கிடக்கட்டும் என்று விட முடியாது.

எல்எல்விஎம் திட்டத்தையே பாருங்கள். ரஸ்ட், ஸ்விஃப்ட் மொழிகளின் கம்பைலர்கள் அதன் மேல்தான் நிற்கின்றன. அதிலிருந்த கோ மொழி பைண்டிங்குகளைக் கவனிக்க ஆளில்லாமல் போனது, 2022இல் நீக்கிவிட்டார்கள். யாரும் நடுத்தெருவுக்கு வந்துவிடவில்லை. மைக்ரோகன்ட்ரோலர்களுக்கான டைனிகோ திட்டம், தனக்கு வேண்டிய பைண்டிங்கைத் தானே தனியாக வைத்துப் பராமரிக்கிறது. ஓகேமல் மொழி பைண்டிங்குகள் எல்எல்விஎம் உள்ளேயே தொடர்கின்றன. ஆக, வயது அளவுகோல் அல்ல. பொறுப்பேற்க ஆள் இருக்கிறாரா என்பதுதான்.

யாரும் டெஸ்ட் செய்யாத பைண்டிங் ஒரு பொய் வாக்குறுதி. பட்டியலில் இருக்கிறதே என்று நம்பி யாரோ ஒரு சின்னக் கம்பெனி அதன்மேல் பொருள் கட்டுகிறது. உடைந்த பிறகுதான், கேட்க ஆளில்லை என்பது தெரிகிறது. அதைவிட இல்லாமலிருப்பது நேர்மை.

ஆனால் தேதி சொல்லுங்கள். பைத்தான் 2க்கு முதலில் 2015 என்று கெடு வைத்தார்கள், பிறகு 2020 ஜனவரி 1 என்று நீட்டினார்கள். கடைசி வாரத்தில்தான் வேலை தொடங்கும் என்பது நமக்குத் தெரியாததா? இருந்தும் தேதி வேண்டும். "இதற்குப் பிறகு பேட்ச் வராது" என்ற ஒரு வரி இருந்தால்தான் என்னைப் போன்ற எஞ்சினியர் மேனேஜரிடம் போய் ஆளும் நேரமும் கேட்க முடியும். தேதி இல்லாவிட்டால் "அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்" என்பதோடு கதை முடியும்.

இன்னொன்று. ஆள் கிடைத்தால் போதும் என்று சாவியை எடுத்து நீட்டாதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் லைப்ரரியில் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டதே, நினைவிருக்கிறதா? களைத்துப்போன ஒரு தன்னார்வலருக்கு உதவ வந்தவர்போல் நுழைந்து, நம்பிக்கை சம்பாதித்துச் செய்த வேலை அது. நம்பகமான ஆள் கிடைக்காவிட்டால் மூடிவிடுவதே மேல். பழைய நிரல் ஆர்க்கைவில் இருக்கட்டும், வேண்டியவர்கள் ஃபோர்க் செய்துகொள்ளட்டும்.

"எடுக்காதீங்க" என்று சத்தம் போடும் கம்பெனிகளுக்கு ஒரே கேள்விதான்: வாரம் அரை நாள் உங்கள் எஞ்சினியர் ஒருவரை அந்த வேலைக்கு விடுவீர்களா? விடுவோம் என்றால் பைண்டிங் இருக்கட்டும். இல்லையென்றால், யாரோ ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமையை இலவசமாகக் கேட்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.