வண்டிக்கு மின்சாரம்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருவோர், அடுப்பும் குளிர்பெட்டியும் உள்ள வண்டியை அம்மையார்குப்பத்து உறவினர் வாசலில் நிறுத்தி, கூடத்துச் சுவரிலிருந்து கம்பி இழுக்க நினைப்பது சகஜம். பிளக் பாயிண்ட் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை முருக பக்தியையும் மிஞ்சியது!

சிறிய பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் 1,380 வாட்தான். 2,000 வாட் மின் அடுப்பு ஒன்றே ஏறக்குறைய 9 ஆம்பியர் கேட்கும். அதற்கு 16 ஆம்பியர் பாயிண்டும் தடித்த கம்பியும் வேண்டும். கம்பியைச் சுருளாக விட்டால் உஷ்ணம் தங்கி உறை உருகும்.

மூன்றாவது முள்ளை ஒடித்துச் சொருகும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. வண்டியோ ரப்பர் சக்கரத்தின்மேல் நிற்பது. கசிந்த மின்சாரம் தகரக் கூடெங்கும் ஏறி நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் கதவைத் தொடும் குழந்தையின் வழியே பூமிக்கு இறங்கும். எர்த் இல்லாத வீட்டில் மின்சாரம் கேளாதீர்கள். உறவினர் அடுப்பிலேயே காபி கிடைக்கும்.