பிரசவத்துக்கு நாள் குறிப்பது யார்?

திருவனந்தபுரம்: குறித்த தேதி கடந்தும் வலி வராத நிறைமாதக் கர்ப்பிணிக்கு மருந்து கொடுத்து வலியைத் தூண்டுவதா அல்லது தானாக வலி வரும்வரை காத்திருப்பதா என்பது மருத்துவரின் அறைக்குள்ளேயே முடிவாகும் விஷயமாக இருந்து வருகிறது. பேறுகால நலனில் நாட்டுக்கே முன்மாதிரியான கேரளத்தில், அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகவும் அது வளர்ந்துள்ளது.

கேரளத்தின் சாதனை மறுக்க முடியாதது. 2018-20 மாதிரிப் பதிவு ஆய்வின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் அங்கு உயிரிழக்கும் தாய்மார்கள் 19 பேர். தமிழகத்தில் இது 54. தேசிய சராசரி 97. மாநில மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் தாய்மார்களின் மரணங்களை, பெயர்களை வெளியிடாமல் ஆராய்ந்து பாடம் கற்று வந்ததற்கும் இதில் பங்கு உண்டு.

மறுபக்கம்: இதே மாநிலத்தில், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 38.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் மூலமே நடைபெற்றன. தேசிய அளவில் இது 21.5 சதவீதம்தான். தனியாரின் லாப நோக்கமே காரணம் என்ற வழக்கமான குற்றச்சாட்டும் இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை. கேரளத்தின் தனியார் மருத்துவமனைகளில் 39.9 சதவீதம், அரசு மருத்துவமனைகளிலும் 37.2 சதவீதம்.

2011 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னதாக ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலை தாலுகா மருத்துவமனையில் இரண்டே நாள்களில் 21 சிசேரியன்கள் நடந்தன. மருத்துவர்களின் விடுமுறைக்காகவே இவை அவசரமாகச் செய்யப்பட்டன என்று புகார் எழ, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. பிரசவ நேரத்தைத் தீர்மானிப்பது தாயின் உடல்நிலையா, மருத்துவமனையின் வசதியா என்ற ஐயம் அப்போதே பொதுவெளிக்கு வந்துவிட்டது.

மருத்துவம் சொல்வது என்ன?: காத்திருப்பதும் ஆபத்தில்லாதது அல்ல. 41 வாரங்கள் நிறைவடைந்தால் வலியைத் தூண்டலாம் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஸ்வீடனில் 2019-இல் வெளியான ஆய்வில், 42 வாரம் வரை காத்திருந்த பிரிவில் 6 சிசுக்கள் இறந்தன. 41 வாரத்தில் தூண்டப்பட்ட பிரிவில் ஓர் இறப்பும் இல்லை. அதனால் அந்த ஆய்வே பாதியில் நிறுத்தப்பட்டது.

வலியைத் தூண்டினால் சிசேரியனில்தான் முடியும் என்ற பரவலான நம்பிக்கைக்கும் முழு ஆதாரம் இல்லை. சிக்கல் ஏதுமின்றி முதல் பிரசவத்தை எதிர்நோக்கிய 6,000-க்கும் அதிகமான அமெரிக்கப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், 39-ஆவது வாரத்தில் தூண்டப்பட்டவர்களில் 18.6 சதவீதம் பேருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம் பேருக்கும் சிசேரியன் தேவைப்பட்டது.

ஆனால், மருந்து கொடுத்த பிறகு பல மணி நேரம் பொறுமையுடன் கண்காணிக்கும் பிரசவ அறைகளுக்கே இக்கணக்கு பொருந்தும். படுக்கையும் செவிலியரும் போதாத இடத்தில், காலையில் தொடங்கிய வலி மாலைக்குள் பலன் தராவிட்டால் கத்தியை நாடும் நிலை ஏற்படக் கூடும். சிக்கல் மருந்தில் அல்ல, அவசரத்தில் இருக்கிறது.

தில்லியின் பங்கு: 2017-இல் அன்றைய மத்திய மகளிர் நலத் துறை அமைச்சர் மேனகா காந்தி, மருத்துவமனைகள் தங்கள் சிசேரியன் விகிதத்தைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் எனச் சுகாதாரத் துறையை வலியுறுத்தினார். மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகள் அவ்விவரத்தை வரவேற்பறையில் வைக்கவும் உத்தரவிடப்பட்டது. எனினும், குடும்ப நல ஆய்வின் தகவல் ஏடுகளில் சிசேரியனுக்கு இடம் உண்டு. தூண்டப்பட்ட பிரசவங்களுக்கு இடமில்லை. எத்தனை பேருக்கு, எந்த வாரத்தில், என்ன காரணத்துக்காக மருந்து தரப்பட்டது என்பது தெரியாதவரை, நியாயமான முடிவையும் வசதிக்கான முடிவையும் பிரித்தறிய வழியில்லை.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. தாயின் மரணத்தை ஆராய முன்வந்த கேரளம், தாயின் சம்மதத்தையும் பதிவேட்டில் ஏற்றத் துணிந்தால், 44.9 சதவீத சிசேரியனுடன் கேரளத்தையே விஞ்சி நிற்கும் தமிழகத்துக்கும் அது வழிகாட்டும். காத்திருப்பின் ஆபத்தும் மருந்தின் ஆபத்தும் அவள் மொழியில் விளக்கப்பட்ட பிறகு, நாள் குறிப்பதில் அவளுக்கும் குரல் இருக்க வேண்டும்.