நிபுணர் குழுவில் யாருக்கு இடம்?

இஞ்சினியர்களின் தொழில்முறைச் சங்கங்களுக்குள் தனித்தனித் துறைக் குழுக்கள் அமைப்பது இன்று எங்கும் வழக்கமாகிவிட்டது. வெல்டிங்குக்கு ஒரு குழு, பாய்லருக்கு ஒரு குழு, கம்ப்யூட்டர் துறைக்குள்ளேயே எத்தனையோ குழுக்கள். இவற்றில் சேரலாமா, சேர்ந்து என்ன செய்வது என்று ஆலைகளிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் இளம் தோழர்கள் நம்மைக் கேட்கிறார்கள். "அது முதலாளிகளின் விருந்துக் கூட்டம், நமக்கு அங்கே என்ன வேலை?" என்பது ஒரு சாராரின் அபிப்பிராயம். "அது சுத்தமான தொழில்நுட்ப விஷயம், அதில் வர்க்கம் எங்கே வந்தது?" என்பது மறு சாராரின் அபிப்பிராயம். இரண்டும் தவறு என்று நாம் கருதுகிறோம். ஏன் தவறு என்பதை ஒரு பாய்லர் கதையைக் கொண்டே சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில் குரோவர் ஷூ தொழிற்சாலை என்று ஒன்று இருந்தது. நாலு மாடி மரக் கட்டடம். 1905 மார்ச் 20 அன்று காலை, தொழிலாளர்கள் வேலைக்கு வந்து அமர்ந்த சிறிது நேரத்தில், அங்கிருந்த பழைய பாய்லர் வெடித்துக் கூரையைப் பிளந்துகொண்டு பறந்தது. கட்டடம் சரிந்தது, தீப்பிடித்தது. 58 பேர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்த நாளைய அமெரிக்காவில் பாய்லர் வெடிப்பது அபூர்வச் செய்தியல்ல. தகடு என்ன கனம் இருக்க வேண்டும், மூட்டு எப்படி அமைய வேண்டும், எத்தனை அழுத்தம் தாங்க வேண்டும் என்பதற்கு நாடு முழுவதற்குமான பொது விதி கிடையாது. செய்கிறவன் வைத்ததே சட்டம்.

ஜனங்கள் கொதித்தெழுந்ததன் பேரில் மாஸாசூஸெட்ஸ் சர்க்கார் 1907-ல் பாய்லர் சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் ஆளுக்கொரு விதி செய்யத் தொடங்கின. ஓரிடத்து விதிப்படி செய்த பாய்லரை இன்னோர் இடத்தில் விற்க முடியாத நிலை வந்தது. பாய்லர் முதலாளிகளுக்கே இது சங்கடமாயிற்று. 1880-ல் தோன்றிய அமெரிக்க மெக்கானிக்கல் இஞ்சினியர்கள் சங்கம் 1911-ல் இதற்கென ஒரு தனிக் கமிட்டியை அமைத்தது. அதன் பலன்தான் 1914-ஆம் ஆண்டின் பாய்லர் விதித்தொகுப்பு. திருச்சி பெல் ஆலைத் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சங்கத்தின் முத்திரை பெற்று வெளியே போகும் வேலையைக் கையால் செய்தவர்கள் அவர்கள்.

இந்த விதித்தொகுப்பு எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதை மனந்திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கத்துக்குள் ஒரு குழு என்றாலே வெறும் பேச்சு என்று ஒதுக்குகிறவர்களுக்கு இதுவே பதில். ஆனால் அந்தக் கமிட்டியில் உட்கார்ந்தவர்கள் யார்? பாய்லர் தயாரிப்பாளர்கள், இன்ஷூரன்ஸ் இஞ்சினியர், பேராசிரியர்கள். கரி அள்ளிப் போட்டவனுக்கு நாற்காலி இல்லை. அந்தக் குறை அறுபது ஆண்டுகளுக்குப் பின் என்ன வேலை செய்தது என்று பார்ப்போம்.

பாய்லரில் தண்ணீர் மட்டம் அபாய அளவுக்குக் கீழே இறங்கினால் எரிபொருளைத் தானாகவே நிறுத்தும் கருவி ஒன்று உண்டு. வெறும் பாய்லர் காய்ந்து வெடிக்காமல் காப்பது அதுதான். அமெரிக்காவில் இந்தக் கருவியின் மார்க்கெட்டை மக்டானல் அண்டு மில்லர் என்ற கம்பெனி நீண்டகாலமாகத் தன் பிடியில் வைத்திருந்தது. ஹைட்ரோலெவல் என்ற சிறு கம்பெனி வேறு விதமான கருவியோடு போட்டிக்கு வந்தது. பாய்லருக்குள் தண்ணீர் தளும்புவதால் மட்டம் கணத்துக்குக் கணம் மாறும். அதற்கெல்லாம் நெருப்பு அணைந்துவிடாதிருக்க, சற்றுத் தாமதித்து வேலை செய்யும் அமைப்பு அதில் இருந்தது. 1971-ல் பெரிய கம்பெனியின் முக்கிய வாடிக்கையான புரூக்ளின் யூனியன் கேஸ் கம்பெனி சிறு கம்பெனியின் கருவியை வாங்கியது.

இங்கேதான் துறைக் குழு காட்சிக்கு வருகிறது. இஞ்சினியர்கள் சங்கத்தில் சூடேற்றும் பாய்லர்களுக்கான விதிகளைக் கவனித்தது ஒரு துணைக் கமிட்டி. அதன் உபதலைவர், மக்டானல் அண்டு மில்லர் கம்பெனியின் உப தலைவர்களில் ஒருவர். அதன் தலைவர் ஒரு பாய்லர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் உயர் அதிகாரி. கம்பெனிக்காரர்கள் கமிட்டித் தலைவரைச் சந்தித்துப் பேசினார்கள். பிறகு, விதியின் பொருள் என்ன என்று சந்தேகம் கேட்பதுபோல் கம்பெனி சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதத்தின் வாசகத்தை அமைத்ததில் கமிட்டியின் தலைவருக்கும் உபதலைவருக்கும் பங்குண்டு. சங்கத்தின் அலுவலகம் வழக்கப்படி அதைக் கமிட்டித் தலைவருக்கே அனுப்பியது. பதிலை அவர் தயாரித்தார். தாமதித்து வேலை செய்யும் கருவி விதிக்குப் பொருந்தாது என்று எண்ணும்படியான அந்தப் பதில், சங்கத்தின் தலைப்பிட்ட தாளில் வெளியே வந்தது. பெரிய கம்பெனியின் விற்பனையாளர்கள் அதை வாடிக்கைக்காரர்களிடம் காட்டினார்கள். ஹைட்ரோலெவல் படுத்துவிட்டது.

கேள்வி கேட்டவனும் அவனே, பதில் சொன்னவனும் அவனே! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யாரும் ஆவணத்தைத் திருத்தவில்லை. கடிதம் வந்தது, உரிய கமிட்டிக்குப் போனது, உரியவர் பதில் தந்தார். எல்லாம் முறைப்படியே நடந்தது. முறையே அப்படித்தான் இருந்தது.

வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1982 மே 17 அன்று ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கமாகத் தீர்ப்பு வந்தது. சங்கத்தின் பெயரைப் பயன்படுத்தித் துணைக் கமிட்டிக்காரர்கள் செய்த காரியத்துக்குச் சங்கமே பொறுப்பு என்றது கோர்ட். சங்கத்துக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை என்ற சமாதானம் எடுபடவில்லை.

பெரிய முதலாளிக்கும் சின்ன முதலாளிக்கும் நடந்த சண்டைதானே, நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். சண்டை அவர்களுடையதுதான். ஆனால் சண்டைக்கு நடுவில் கிடந்தது பாய்லர் அருகே நிற்பவனின் உயிர். ஒரு பாதுகாப்புக் கருவி நல்லதா கெட்டதா என்பதை அதன் போட்டிக்காரனே தீர்மானித்தான். நாளெல்லாம் அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனை ஒருவரும் கேட்கவில்லை. நாம் இஞ்சினியர் அல்ல. பாய்லரின் உட்புறத்தைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆயினும் இந்த அநியாயத்தைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டியதில்லை.

சங்கங்களை முதலாளிகளே ஆள வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. 1901-ல் அமெரிக்க மின்சார இஞ்சினியர்கள் சங்கத்தின் தலைவராக வந்த ஸ்டைன்மெட்ஸ் ஒரு சோஷலிஸ்டு. அடக்குமுறையிலிருந்து தப்பி ஜெர்மனியை விட்டு ஓடிவந்தவர். 1922-ல் லெனினுக்குக் கடிதம் எழுதி, சோவியத் நாட்டை மின்சாரமயமாக்கும் வேலைக்குக் கைகொடுக்க முன்வந்தார். லெனினும் பதில் எழுதினார். ஆயினும் தனி மனிதரின் நல்ல குணத்தை நம்பி ஸ்தாபனம் நடத்த முடியாது.

குழு எப்படிப் பிறக்கிறது என்பதைப் பொறுத்தும் அதன் குணம் மாறும். 1947-ல் அமெரிக்காவில் தோன்றிய கம்ப்யூட்டர் நிபுணர்கள் சங்கத்தில், கம்ப்யூட்டரில் படம் வரையும் கலையில் ஈடுபட்ட சிலர் 1960-களின் நடுவில் சக உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கி மனுச் செய்தார்கள். 1967-ல் சிறு கமிட்டியாக ஆரம்பமாயிற்று. 1969-ல் முழுக் குழுவாயிற்று. 'சிக்கிராப்' என்று உலகம் அறிந்தது அதுதான். 1974-ல் அது நடத்திய முதல் மகாநாட்டுக்குச் சுமார் அறுநூறு பேர் வந்தார்கள். அதே சங்கத்தில் சமூக விஞ்ஞானக் கணக்குகளுக்கென இருந்த ஒரு குழு, 1982-ல் பெயரையும் வேலையையும் மாற்றிக்கொண்டது. மெஷின் முன்னால் உட்காரும் மனிதனுக்கு அது எப்படி இணங்க வேண்டும் என்பதையே தன் பொருளாக எடுத்துக்கொண்டது. மேலிருந்து யாரும் தானம் செய்த குழுக்களல்ல இவை. இவற்றிலும் பிற்பாடு பெரிய கம்பெனிகளின் பணம் புகுந்தது என்பது வேறு விஷயம்.

ஆகவே சேருங்கள் என்றே நாம் சொல்கிறோம். குழு இல்லாத இடத்தில் கையெழுத்து வாங்கி அமையுங்கள். ஆனால் விதி எழுதும் அன்றே சண்டையைத் தொடங்கிவிடுங்கள். எந்தக் கம்பெனியின் சரக்கைப் பற்றிக் கேள்வி வருகிறதோ அந்தக் கம்பெனியின் ஆளும், அதன் போட்டிக்காரனின் ஆளும் பதில் எழுதும் இடத்தில் இருக்கக் கூடாது. தலைவர் தனியாகக் கையெழுத்திட்டுச் சங்கத்தின் பெயரில் கடிதம் அனுப்பும் அதிகாரம் கூடாது. நடவடிக்கைக் குறிப்புகள் எல்லா உறுப்பினர்களுக்கும் கிடைக்க வேண்டும். சந்தாவில் நடக்க முடியாமல் கம்பெனி நன்கொடையில் நடக்கும் குழு யாருடைய வாயால் பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குழு தொழிற்சங்கத்துக்கு மாற்று அல்ல. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியபோது அதை எதிர்த்து நின்றவை தொழிற்சங்கங்கள். மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். எந்த நிபுணர் குழுவும் அதைச் சாதித்திருக்க முடியாது. சங்கத்துக் குழுவில் இடம் கிடைத்த இஞ்சினியர் தன் யூனியன் சந்தாவை நிறுத்திவிட்டால் அது நமக்கு நஷ்டமே.

நெய்வேலியை நாம் மறப்பதற்கில்லை. 2020 ஜூலை 1 அன்று இரண்டாவது அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்து அன்றே ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். மருத்துவமனைகளில் இன்னும் பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 7 அன்று, அதே நிலையத்தில் நடந்த விபத்தில் காயமுற்றவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் இவர்களில் இருந்தார்கள். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025-ல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. அதன் கீழ் விதிகள் எழுதப்படும்போதும் திருத்தப்படும்போதும் நிபுணர்களின் அபிப்பிராயம் கேட்கப்படும். அந்த நிபுணர் யார்? பரீட்சை எழுதிச் சர்டிபிகேட் பெற்ற பாய்லர் அட்டெண்டன்ட் நிபுணர் இல்லையா? குழாயின் உள்மூட்டைக் கண்ணாடியில் பார்த்தே வெல்டு செய்யும் திருச்சித் தொழிலாளி நிபுணர் இல்லையா?

பாய்லர் பாதுகாப்புக்கென்று ஒரு குழு அமைக்கக் கையெழுத்து வாங்கப் போகும் தோழர்கள், மனுவை முதலில் பாய்லர் அறைக்கே எடுத்துச் செல்லட்டும். பட்டம் இல்லாதவர் உறுப்பினராக முடியாது என்று சங்கத்தின் விதி குறுக்கே வந்தால், அந்த விதியை மாற்றக் கோருவதே அந்தக் குழுவின் முதல் தீர்மானமாக இருக்கட்டும்.