அடுக்களைக்கு மட்டுமா சிக்கனம்?

"சிக்கனமாயிரு!"

நல்லுரைதான். நாடு முழுவதும் நாள்தோறும் ஒலிக்கும் உரை. மேடையில் ஒலிக்கிறது, மாத இதழின் மகளிர் பக்கத்தில் ஒலிக்கிறது, மணவறையில் மாலையும் கழுத்துமாக அமர்ந்திருக்கும் மணமகளின் காதருகே மூத்தோர் வாழ்த்தாகவும் ஒலிக்கிறது. மறுப்பாரில்லை, நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், தோழர்களே! அந்த உரை யாரை நோக்கி உரைக்கப்படுகிறது? மணமகள் பக்கத்திலேயே மாப்பிள்ளையும் அமர்ந்திருக்கிறாரே, அவர் காதில் அது ஓதப்படுகிறதா? பந்தலுக்கு இலட்சம் செலவிட்டு, பந்திக்கு இலட்சம் செலவிட்டு, அந்தச் செலவுக்குக் கடன் வாங்கிக் களைத்து நிற்கும் பெண்ணின் தந்தை காதில் ஓதப்படுகிறதா? இல்லை! பருப்பில் ஒரு பிடி குறை, எண்ணெயில் ஒரு கரண்டி குறை, பழைய சேலையைக் கிழித்துத் தலையணை உறை தை என்று, அடுப்படியில் நிற்பவளுக்கு மட்டுமே அந்த அறிவுரை.

சிக்கனம் என்றால் செலவைக் குறைப்பது என்பது பொருளானால், எங்கே செலவு பெருகுகிறதோ அங்கேதானே குறைக்க வேண்டும்? ஓட்டை பானையின் அடியில் இருக்க, அதன் வாயை மூடிக்கொண்டிருப்பவர்களை அறிவாளிகள் என்பதா!

கணக்குப் பார்ப்போம். கதை அல்ல, கணக்கு. திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலை ஒன்றில் கணவன் துணி வெட்டுகிறான், மனைவி தைத்து வந்த ஆடையில் பழுது பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான் கற்பனையாக அமைத்துக்கொண்ட குடும்பம்தான். ஆயினும் சனிக்கிழமை மாலை அந்நகரின் எந்தத் தெருவில் நின்றாலும் இதன் உடன்பிறப்புகளைக் காணலாம். அவனுக்குத் திங்களுக்கு 18,000, அவளுக்கு 12,000, ஆக வரவு 30,000 ரூபாய். செலவைப் பாருங்கள். வீட்டு வாடகை 6,500. அரிசி, பருப்பு, பால், காய்கறி, மளிகை எல்லாம் சேர்ந்து 9,500. எரிவாயுவும் மின்சாரமும் 1,500. இரு பிள்ளைகளின் படிப்புக்கு 4,000. பெட்ரோலுக்கும் பேருந்துக்கும் 2,000. மருந்து மாத்திரைக்கு 1,000. கூட்டினால் 24,500. மீதி 5,500 ரூபாய்! அடடா, மாதந்தோறும் மிச்சம் பிடிக்கும் மகராசிக் குடும்பம் என்பீர்கள்.

பொறுங்கள். தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய மூன்று இலட்சம் நிற்கிறது. "இரண்டு வட்டி"க் கடன். நூற்றுக்கு மாதம் இரண்டு என்றால் மாதம் 6,000. வட்டி மட்டும், முதல் அப்படியே கல்லாக நிற்கும். மீதி என்று எண்ணிய 5,500 போய், துண்டு 500 விழுந்தாயிற்று. இன்னும் உண்டு. ஊரில் மூன்று திருமணம், ஒரு காதணி விழா, மொய் 2,500. வார இறுதியில் மட்டும் குடிப்பவன் அவன், "நல்ல பிள்ளை"தான். எட்டு நாளுக்கு இருநூறு வீதம் 1,600. கணக்கு நோட்டில் இதற்குப் பெயர் "இதரச் செலவு"! இந்த 'இதர' என்ற மூன்றெழுத்துக்குள் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் எத்தனை புதைந்து கிடக்கின்றன என்பதை யார் அறிவார்? மொத்தத் துண்டு 4,600.

இப்போது வருகிறார் சிக்கன உபதேசியார். எதை நோக்கி விரல் நீட்டுகிறார்? அந்த 9,500-ஐ நோக்கி! சரி, அவர் சொற்படியே நடப்போம். பத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டாள் என்றே கொள்வோம். பிள்ளைக்குப் பாலைக் குறைத்து, தனக்குக் குழம்பைக் குறைத்து, 950 ரூபாய் மீட்டுவிட்டாள். துண்டு தீர்ந்ததா? 3,650 வாய் திறந்து நிற்கிறதே! அந்த வாயை அடைக்க அவள் மகளிர் குழுவில் கடன் எடுக்கிறாள். பிறகு அந்தக் கடனுக்கும் ஒரு வாராந்தரத் தவணை. ஊதாரி யார், ஐயா? உரைத்துப் பாருங்கள்!

எங்கெல் என்ற செருமானியப் புள்ளியியல் அறிஞர் 1857-ஆம் ஆண்டிலேயே ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். குடும்பம் எவ்வளவுக்கு எவ்வளவு ஏழையோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதன் வரவில் உணவு விழுங்கும் பங்கு பெரிது என்றார். 2022-23-இல் இந்திய அரசு எடுத்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கில், நாட்டுப்புறக் குடும்பச் செலவில் உணவுக்குச் சுமார் 46 விழுக்காடும், நகர்ப்புறத்தில் 39 விழுக்காடும் போவதாகக் கண்டார்கள். பெரும்பங்கு உணவுக்குப் போவதால் உணவைக் குறை என்பது, உடம்பெங்கும் இரத்தம் ஓடுகிறது, ஆகவே இரத்தத்தை இறக்கு என்பது போலத்தான்.

"வள்ளுவரே சொன்னாரே!" என்று குறளைத் தூக்கிக்கொண்டு வருவோர் உண்டு. வரவு சிறிதாயினும் செலவு அதனை மிஞ்சாவிட்டால் கேடில்லை என்ற கருத்துடைய குறளை அடுப்பங்கரைச் சுவரில் எழுதி மாட்டுகிறார்கள். எழுதட்டும். ஆனால் அந்தக் குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தார்களா? இல்வாழ்க்கையில் இல்லை. வாழ்க்கைத் துணைநலத்தில் இல்லை. பொருட்பாலில், அரசனுக்கு உரைக்கும் பகுதியில், 'வலியறிதல்' என்ற அதிகாரத்தில் இருக்கிறது. ஆள்பவனுக்கு, ஆணையிடுபவனுக்கு, பொருளைக் கையாளும் அதிகாரம் பெற்றவனுக்குச் சொன்னதை, அந்த அதிகாரம் எதுவுமே இல்லாத பெண்ணின் தலையில் சுமத்தியது எவர் செய்த திருப்பணி?

ஆம், அதிகாரம்! அங்கேதான் முடிச்சு இருக்கிறது. உப்புப் புளி வாங்குவது அவள் முடிவு. சீர் எத்தனை சவரன் என்பது அவள் முடிவா? மண்டபம் எது, விருந்துக்கு எத்தனை இலை என்பது அவள் முடிவா? மைத்துனன் தொழில் தொடங்கக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவது அவள் முடிவா? சில்லறை அவள் பொறுப்பு, பெருந்தொகை அவர் உரிமை. பற்றாக்குறை வந்தால் மட்டும் பழி அவளுடையது!

என் தாயாரைச் சொல்கிறேன். புளிப் பானைக்குள் துணி முடிச்சில் காசு சேர்த்தவர். ஐந்தும் பத்துமாக மூன்று ஆண்டு சேர்த்தது, எனக்கு மேற்படிப்புக்கென்று. ஒருநாள் தந்தையார் வந்தார்; உறவில் ஒரு சடங்கு, தாய்மாமன் முறை, தட்டு வரிசை குறைந்தால் தலை நிமிர முடியாது என்றார். முடிச்சு அவிழ்ந்தது. தந்தையார் தலை நிமிர்ந்து நடந்தார், நான் ஓராண்டு வீட்டில் இருந்தேன். அவர் கெட்டவர் அல்லர், நல்லவர். ஊரார் சிரிப்புக்கு அஞ்சும் நல்லவர்களால்தான் இந்நாட்டில் பாதிக் குடும்பங்கள் கடனாளியாயின என்பது என் கருத்து.

திருமணச் செலவுக்கு வருவோம், அதுதானே எல்லாக் கடனுக்கும் மூத்த அண்ணன்! "ஒருமுறை வருவது, செய்யாமல் இருக்க முடியுமா?" என்கிறார்கள். சட்டம் என்ன கேட்கிறது? 1967-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட திருத்தப்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் உரைத்தாலே, அல்லது மாலை மாற்றிக்கொண்டாலே, அல்லது மோதிரம் அணிவித்தாலே, அல்லது தாலி கட்டினாலே இந்து முறைத் திருமணம் செல்லும். ஆயிரம் இலை போடு என்று சட்டம் கேட்கவில்லை. ஐம்பது சவரன் போடு என்று கேட்கவில்லை. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கேட்பது யார்? "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவது" என்கிறாரே, அந்தப் புன்னகை மன்னர்தான் கேட்கிறார்!

தங்கம் சேமிப்புதானே, விலை ஏறிக்கொண்டே போகிறதே என்று வாதிடுவோர்க்கு ஒரு சொல். சீர் பேசப்படுவது ரூபாயில் அல்ல, சவரனில். 2020 ஆகஸ்டில் சென்னையில் சவரன் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேலே விற்றது. 2025 அக்டோபரில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டிற்று. ஐந்து சவரன் கேட்டவன் இன்றும் அதே ஐந்தைத்தான் கேட்கிறான். ஆனால் பெண்ணைப் பெற்றவன் கடன் இரண்டு இலட்சத்திலிருந்து நாலரை இலட்சமாக வளர்ந்துவிட்டது. விலை ஏற ஏற மகிழ்வது நகையை விற்கப் போகிறவன். பெண்ணைப் பெற்றவனோ வாங்கியாக வேண்டியவன். சரி, வாங்கிப் போட்டாயிற்று. அதையாவது அந்தப் பெண் விற்க முடிகிறதா? கழுத்தில் இல்லையென்றால் மாமியார் கேட்பார். ஆகவே விற்பதில்லை, அடகு வைக்கிறார்கள். தன் பொருளுக்குத் தானே வட்டி கட்டும் விந்தையை வேறெங்கு காண்போம்? வாங்கும்போது செய்கூலி, சேதாரம், அவற்றுக்கு மேல் வரி. பழைய நகையாக மாற்றப் போனால் கூலியும் சேதாரமும் காற்றோடு போகும்.

இதைவிடக் கொடிய கணக்கு ஒன்று உண்டு. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு வேண்டும் என்றது. அறுபதாண்டு கழித்து, 1989-இல், தமிழ்நாடு சட்டமன்றம் பரம்பரைச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமை என்று சட்டம் செய்தது. 2005-இல் நாடாளுமன்றம் அதை நாடு முழுமைக்கும் ஆக்கியது. ஆனால் பங்கு கேட்டு வரும் தங்கையிடம் அண்ணன் என்ன சொல்கிறான்? "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே!" என்கிறான். நிலம் அவனுக்கு, ஒருநாள் விருந்து அவளுக்கு! ஊர் உண்டு கலைந்த இலைகளையும், அடகுக் கடையில் தூங்கும் நகையையும் அவள் பங்கென்று எழுதுகிறது இந்த நாட்டுப் பாகப்பிரிவினை. இது சிக்கனக் கேடு மட்டுமன்று, உரிமைக் கொலை.

கடனைப் பற்றியும் சிறிது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற நம் தெருச் சொற்களையே பெயர் சொல்லி 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆதலின் இப்போது வட்டி வேட்டி கட்டி வருவதில்லை, கண்ணாடிக் கதவுக்குள் குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்கிறது. 24,000 ரூபாய்க் குளிர்பெட்டி, "ஆண்டுக்குப் பன்னிரண்டு விழுக்காடுதான்" என்கிறார்கள். வட்டி 2,880, பன்னிரு தவணை, தவணைக்கு 2,240. எளிமையாகத்தான் தெரிகிறது. ஆனால் மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருகிறதே, வட்டி மட்டும் முழு 24,000-க்கும் அல்லவா போடப்பட்டது! ஆண்டு முழுவதும் சராசரியாக உங்களிடம் நிற்கும் அவர்கள் பணம் 13,000 அளவுதான். உண்மை வட்டி இருபத்தொன்றைத் தாண்டுகிறது. பள்ளிக்கூடத்தில் தனிவட்டி, கூட்டுவட்டி என்று பக்கம் பக்கமாகப் போட்ட பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கைச் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லாமல் போயிற்றே!

மொய்யும் அப்படித்தான். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து நடத்துகிறார்களே, அவர்கள் நேர்மையாளர்கள் என்பேன். வாங்குவது திருப்பித் தரவேண்டிய தொகை என்று ஒப்புக்கொண்டு, நோட்டுப் போட்டு, பெயரெழுதி வாங்குகிறார்கள். மற்ற ஊர்களிலோ வாங்கும்போது வரவு என்று மகிழ்கிறோம், திருப்பித் தரும்போது திடீர்ச் செலவு என்று திகைக்கிறோம்.

உபதேசியார் விடமாட்டார். "அவள் செலவாளி என்று சொல்லவில்லை, வீட்டிலிருப்பவள், நேரமிருக்கிறது, பார்த்துச் செய்யலாமே" என்பார். நேரமா? 2019-இல் அரசே எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறாள்; வீட்டுவேலையில் கைவைக்கும் ஆண் 97 நிமிடம். ஐந்து மணி நேர உழைப்பு, கூலி கிடையாது, வரவு நோட்டில் பெயரும் கிடையாது. இட்லி மாவைக் கடையில் வாங்கினால் செலவு என்று குறித்துக் கண்டிக்கிறார்கள். வீட்டில் அவள் அரைத்தால் அது இலவசமாம்! அவள் முதுகுவலிக்கு வாங்கும் தைலத்தை மட்டும் மருத்துவச் செலவில் எழுதுகிறார்கள்.

எளிய வாழ்வு வேண்டாம் என்பவனல்லன் நான். எளிமையை இல்லத்தார் எல்லோரும் சேர்ந்து ஏற்க வேண்டும் என்கிறேன். சனிக்கிழமை இரவு இரண்டு கூலி உறைகளும் ஒரே பாயில் வைக்கப்படட்டும். பிள்ளைகளும் உட்காரட்டும், அவர்களுக்கும் கணக்குத் தெரியட்டும். எழுதுகோல் அவள் கையில் இருக்கட்டும். முதல் வரியில் பருப்பை எழுதாதே, வட்டியை எழுது. இரண்டாம் வரியில் மொய்யை எழுது. 'இதர' என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன் உண்மைப் பெயரை எழுது. அதன் பிறகு எதைக் குறைப்பது என்று இருவரும் பேசுங்கள். பருப்பு ஒரு பிடி குறையத்தான் வேண்டுமென்று அப்போதும் முடிவானால், குறையட்டும். ஆனால் அந்தக் குறைவு அவன் தட்டிலும் விழட்டும்.

"பெண்பிள்ளை கையில் கணக்கா? குடும்பம் உருப்படுமா?" என்று கேட்கும் பெரியவரே, கோபம் வேண்டாம். ஆண்பிள்ளை கையிலேயே இத்தனை காலம் இருந்த தங்கள் வீட்டுக் கணக்கு நோட்டை, ஒரே ஒருமுறை, எங்கள் முன்னால் திறந்து காட்டுங்கள்.