மறைஞ்சு போற குறிப்பு

இன்னிக்கு ஒரு சின்ன புலம்பல்.

திருப்பூர்ல செக்கிங், அயர்னிங் ஜாப் ஒர்க் எடுக்கிற எங்க பக்கத்து வீட்டு அண்ணன், ஒரு கம்பெனியோட ஆன்லைன் பாரத்தை செல்போன்ல நிரப்பினார். ஐஎஃப்எஸ்சி கட்டத்துக்குள்ள "மொத்தம் 11, ஐந்தாவது பூஜ்யம்" என்று சாம்பல் நிறத்தில் ஒரு குறிப்பு. முதல் எழுத்தை அடிச்சதுமே அது காணாமப் போச்சு. பூஜ்யத்துக்குப் பதிலா ஆங்கில 'ஓ' போட்டுட்டார். பணம் வரலை. சனிக்கிழமை சம்பளத்துக்குக் கைமாத்து வாங்கினார்.

"ஏந்தம்பி, தேவைப்படற நேரத்துல மறைஞ்சு போற குறிப்பு எதுக்கு?"ன்னார். பதில் இல்லை.

2014ல் வந்த எச்டிஎம்எல் 5 தரமே, லேபிளுக்குப் பதிலாக பிளேஸ்ஹோல்டரை வைக்கக் கூடாதுன்னுதான் சொல்லுது. யார் கேக்கறா?

என் கட்சி இதுதான்: பெயர் கட்டத்துக்கு மேலே. விதி கட்டத்துக்குக் கீழே, தமிழில், மறையாமல். உள்ளே வேணும்னா ஒரு மாதிரி எண் இருக்கட்டும், அது போனாலும் நஷ்டமில்லை. இடத்தை அடைக்கும், அழகு கெடும்பாங்க. துவைச்சதும் சைஸ் அழிஞ்சு போற பனியனை எந்த பையராவது எடுப்பாரா?

பாரம் வடிவமைக்கிற பதிவர்களே, பின்னூட்டத்துல சண்டைக்கு வாங்க :-)