ராஜேந்திரனின் படைவீரன் மேடைத் தமிழ் பேசமாட்டான்

நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். கோபம் வந்தால் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

விஷயம் ஒரு கணினி விளையாட்டு. "சாருக்கு இந்த வயசில எதுக்கு இந்த வேலை?" என்று உங்களில் சிலர் சிரிப்பது மார்த்தாண்டம் வரை கேட்கிறது. நான் விளையாடவில்லை. விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த பேரன் விளையாடினான், நான் பக்கத்தில் கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "பாட்டா, இவங்க தமிழ் பேசுறாங்க, கேளுங்க" என்றான். கேட்டேன். திரையில் விறகு வெட்டுகிற ஆள் தமிழில் பதில் சொல்கிறான். வாளோடு நிற்கிறவனும் தமிழ்தான்.

விளையாட்டின் பெயர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். என் பழைய மாணவர்கள் பலருக்கு இது தெரியும். கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு இதைத்தான் விளையாடினீர்கள் என்பது எனக்கும் தெரியும். 1997-ல் வந்த முதல் விளையாட்டில் எல்லா நாட்டு ஆட்களும் பொருளில்லாத ஒரே உளறல்தான் பேசுவார்கள். 'வொலோலோ' என்ற பூசாரியின் கூச்சல் அதிலிருந்து வந்தது. 1999-ல் இரண்டாவது வந்தபோது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பேச்சு கொடுத்தார்கள். 2013-ல் இந்தியாவைச் சேர்த்தபோது மொத்த இந்தியாவுக்கும் ஒரே ஆள், ஒரே பேச்சு, இந்துஸ்தானி. 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா'வில்தான் அதைப் பிரித்து, திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என்று தனித்தனியாக வைத்தார்கள். திராவிடர் பேசுவது தமிழ். ராஜேந்திர சோழன் கதையை விளையாடலாம். அவர்களுடைய சிறப்புப் படைவீரன் கையில் உறுமி. நம் ஊர் ஆசான்மார் சுருட்டுவாள் என்பார்களே, அதுதான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குடும்ப வாட்சாப் குழுவில் எழுதினேன். அன்று ராத்திரியே இரண்டு கட்சி ஆகிவிட்டது.

ஒரு கட்சி, "விளையாட்டுதானே, அவன் எந்த மொழி பேசினால் என்ன?" என்றது. இன்னொரு கட்சிக்கு அந்தத் தமிழ் போதவில்லை. "சோழப் படை பேசுகிற தமிழா இது? தூய செந்தமிழில், இடிமுழக்கம்போல் பேச வைத்திருக்க வேண்டாமா?" என்றார்கள். என்னையும் சாட்சிக்கு இழுத்தார்கள். தமிழாசிரியர் அல்லவா!

இரண்டு கட்சிக்கும் என் பதிலை இங்கே எழுதுகிறேன்.

'விளையாட்டுதானே' என்பவர்களுக்கு: பள்ளியில் நாங்கள் ராஜேந்திரனை நடத்தியது இரண்டு பாடவேளை. பிள்ளை இதன் முன்னால் உட்காருவது மாதக்கணக்கில். பழங்காலத்து ஆள் இப்படித்தான் பேசினான் என்று அவன் காதில் பதிவது அங்கேதான். தப்பாகப் பதிந்தாலும் அப்படியே இருக்கும். அதே விளையாட்டில் பைசாந்தியர்கள் லத்தீன் பேசுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்தப் பேரரசின் அரசாங்க மொழியே கிரேக்கம். உலகம் முழுக்க எத்தனை பிள்ளைகள் காதில் அந்தத் தவறு ஏறியிருக்கும்!

முடியாத காரியம் என்றும் சொல்ல வேண்டாம். 2004-ல் வந்த 'தி பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' படத்தில் முழுக்க அரமேயமும் லத்தீனும் எபிரேயமும்தான் பேசினார்கள். நம் ஊரில் அதைப் பார்த்து அழாத வீடு குறைவு. ஒருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை என்பதால் யாரும் எழுந்து போகவில்லை. 2016-ல் 'ஃபார் க்ரை பிரைமல்' என்ற விளையாட்டுக்கு, கற்கால மனிதன் பேச அமெரிக்கப் பல்கலைக்கழக மொழியியலாளர்களை வைத்து ஒரு மொழியையே கட்டினார்கள். ஒரு எழுத்துகூட மிஞ்சாத காலத்துக்கு அவ்வளவு செய்தார்கள். ராஜேந்திரன் காலத்துக்கு நம்மிடம் கோயில் கோயிலாகக் கல்வெட்டு இருக்கிறது.

இனி செந்தமிழ்க் கட்சிக்கு. என் சண்டை உண்மையில் உங்களோடுதான். ஏனென்றால் நாற்பது வருஷம் நானும் உங்கள் கட்சி.

நீங்கள் 'பழைய தமிழ்' என்று காதில் வைத்திருப்பது எவ்வளவு பழையது? யோசித்துப் பாருங்கள். 'மனோகரா' வந்தது 1954. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது 1959. அரசன் என்றால் அடிவயிற்றிலிருந்து அடுக்குமொழி பேசுவான் என்று நம் தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தப் படங்களும் நாடக மேடையும் தேர்தல் மேடையும். அழகான தமிழ், நானும் மனப்பாடம் செய்து ஆண்டுவிழாவில் பேசியவன்தான். ஆனால் அதன் வயது என் வயதுதான். அதைத் தூக்கி ஆயிரம் வருஷத்துக்கு முந்தின படைவீரன் வாயில் வைத்தால், அவன் கையில் டார்ச் லைட் கொடுத்ததற்குச் சமம்.

தனித்தமிழ் இயக்கம் 1916-ல் தொடங்கியது. சோழர் கல்வெட்டிலோ, எடுத்தவுடன் கிரந்த எழுத்தில் 'ஸ்ரீ' நிற்கும். வடசொல்லை நீக்கிவிட்டு ராஜராஜனைப் பேசவைப்பது உங்கள் விருப்பம். அதற்கு 'அசல்' என்று பெயர் வைக்காதீர்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஒரு புகழ்பெற்ற கல்வெட்டு உண்டு. தான் கொடுத்தது, தன் அக்காள் கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜன் இட்ட ஆணை. அதில் 'கொடுத்த' என்று இல்லை. 'குடுத்த' என்றுதான் வெட்டியிருக்கிறது. அதுவும் ஒரு தடவை அல்ல, அடுத்தடுத்து. தெற்காசியாவையே கலக்கிய ஒரு சக்கரவர்த்தி, தன் பெயர் சொல்லும் கோயிலில், அழியக்கூடாது என்று கல்லில் வெட்டிய சொல், நீங்கள் கொச்சை என்கிற 'குடுத்த'.

அந்தக் காலத்திலும் இரண்டு தமிழ் இருந்தது. மெய்க்கீர்த்தி பாடுகிற தமிழ் ஒன்று. விளக்கெரிக்க ஆடு கொடுத்தவன், நெல் அளந்தவன் கணக்கெழுதுகிற தமிழ் இன்னொன்று. கடாரத்துக்குக் கப்பலேறினவன் பேசியது மெய்க்கீர்த்தி அல்ல. அவன் பேச்சைத் தேட வேண்டிய இடம் கணக்குத் தமிழுக்குப் பக்கத்தில்.

"அவன் உச்சரிப்பு நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். முழுக்கத் தெரியாது. ஆனால் துப்பு இருக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியலை எடுத்துப் பாருங்கள். ரகரமும் ழகரமும் நாக்கு நுனி அண்ணத்தை வருடப் பிறக்கும் என்கிறார். றகரத்தையோ னகரத்தோடு சேர்த்து, நாக்கு நுனி அண்ணத்தைத் தொட்டு ஒற்றப் பிறக்கும் என்கிறார். இன்று மேடையில் 'வெற்றி' என்று 'ட்ர' போட்டு உருட்டுகிறோமே, அது ஒற்றல் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர் வாயில் 'வெற்றி' கேளுங்கள், மலையாளி வாயில் 'காற்று' கேளுங்கள். நம் மேற்குப் பக்கத்துப் பெரியவர்கள் சிலரிடமும் நான் கேட்டிருக்கிறேன். நாக்கு தொட்டு நிற்கும். நாம் சிரிக்கிற வாய்களில்தான் தொல்காப்பியர் சொன்ன ஒலி மிஞ்சியிருக்கிறது.

இப்போது நான் சொல்ல வெட்கப்படுகிற கதை.

பல வருஷங்களுக்கு முன்னால், எட்டாம் வகுப்பு. கட்டுரை நோட்டில் ஒரு பையன் எழுதியிருந்தான்: 'களைத்து வந்த எனக்கு மாமன் வெள்ளம் குடுத்தார்.' சிவப்பு மையால் இரண்டு சுழி போட்டேன். 'வெள்ளம்' தவறு, 'தண்ணீர்' என்று எழுது. 'குடுத்தார்' கொச்சை, 'கொடுத்தார்' என்று எழுது. அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் எழுப்பி நிறுத்தி வாசித்தேன். "மாமன் வெள்ளம் குடுத்தாராம், பெருமழை வெள்ளமா, ஆற்று வெள்ளமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க அவன் என் வகுப்பில் கை தூக்கவில்லை.

அவன் எழுதியதில் 'குடுத்த' பெரிய கோயிலில் இருக்கிறது. 'வெள்ளம்' வள்ளுவரிடம் இருக்கிறது. 595-ஆம் குறள், நீர் உயர உயர மலரும் உயரும் என்ற குறள். அங்கே நீருக்கு அவர் போட்ட சொல் வெள்ளம்தான். இதில் பெரிய வேடிக்கை, அந்தக் குறளை நானே வருஷா வருஷம் நடத்தினேன். 'வெள்ளம் என்றால் இங்கே நீர்' என்று பதவுரையும் சொன்னேன். வள்ளுவர் சொன்னால் இலக்கியம், அந்தப் பையனின் வீட்டில் சொன்னால் மலையாளம்.

நம் 'பறை'யும் அப்படித்தான். "அவன் என்ன பறைஞ்சான்?" என்றால் சென்னையில் சிரிப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் 'பறைதல்' என்றால் சொல்லுதல் என்று இருக்கிறது. சிரிக்கிறவர்கள் அதைத் திறப்பதில்லை.

இது எனக்கு வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நின்றவர்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்தன. அந்தப் போராட்டத்தில் நின்றவர்கள் மேடைத் தமிழ் பேசியவர்கள் இல்லை. வெள்ளம் கோரினவர்கள், பறைஞ்சவர்கள், 'எனக்க அம்மை' என்றவர்கள். அந்தப் பக்கத்தார் 'நீங்கள் பேசுவது மலையாளம்' என்றார்கள். உயிரைக் கொடுத்து இந்தப் பக்கம் வந்தோம். இந்தப் பக்கத்தாரும் அதையேதான் சொன்னார்கள். அதைச் சொன்ன கூட்டத்தில் நானும் ஒருவன், கையில் சிவப்பு மையோடு.

உடனே, "அப்படியானால் சோழ வீரன் மார்த்தாண்டத் தமிழ் பேசட்டும் என்கிறீர்களா?" என்று மடக்காதீர்கள். இல்லை. அதுவும் பொய்தான். நம் பேச்சும் ஆயிரம் வருஷம் மாறித்தான் வந்திருக்கிறது. மேலும், நம் முன்னோருக்குச் சோழன் படையெடுத்து வந்தவன். காந்தளூர்ச் சாலை வெற்றியை ராஜராஜன் தன் மெய்க்கீர்த்தியில் சொல்லிக்கொண்டான். கோட்டாறு மும்முடிச்சோழநல்லூர் ஆயிற்று. நம் பாட்டன்மார் அந்த வீரர்களின் பேச்சைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருப்பார்கள். விளையாட்டில் 'திராவிடர்' என்ற ஒரே பெயருக்குள் தெலுங்கரையும் கன்னடரையும் மலையாளியையும் அடைத்துத் தமிழ் பேச வைத்திருப்பதும் சரியில்லை. 2013-ல் நமக்கு நடந்ததை நாம் அவர்களுக்கு நடத்தலாமா?

நான் கேட்பது சின்ன விஷயம். அந்த விளையாட்டில் ஓர் ஆள் பேசுவது இரண்டொரு சொல்தான். அதற்கு ஒரு கல்வெட்டு அறிஞரிடம் சொல் கேளுங்கள். ஒரு மொழியியலாளரிடம் ஒலி கேளுங்கள். பேசவைக்க, வட்டாரப் பேச்சு நாவில் ஒட்டியிருக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். அது முடியாதென்றால் இன்றைய சாதாரணத் தமிழே போதும், அதில் ஏமாற்று இல்லை. தமிழ்க் காதைத் திருப்திப்படுத்த மேடைத் தமிழைப் பழந்தமிழ் என்று விற்பது மட்டும் வேண்டாம். அப்படி விற்றால், பழைய தமிழ் என்றால் கம்பீரம், வீட்டுத் தமிழ் என்றால் கேவலம் என்று இன்னொரு தலைமுறை கற்றுக்கொள்ளும். என் பேரன் இப்போதே தன் சென்னை நண்பர்கள் போனில் இருக்கும்போது என்னிடம் மெதுவாகத்தான் பேசுகிறான்.

இங்கே பக்கத்தில் பார்த்திவபுரத்தில், 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்தான். நம் ஊரின் பழைய கல்லூரி. அந்தச் செப்பேட்டில் ஒழுங்குமுறை எழுதியிருக்கிறது. ஒருவரை ஒருவர் இழிவாகப் பேசினால் அபராதம். அந்த விதி என் காலத்திலும் இருந்திருந்தால், முதல் காசு கட்ட வேண்டியவன் நான்தான்.

அந்தப் பையன் இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பான். எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாது. உங்களில் யார் மூலமாவது இது அவன் கண்ணில் பட்டால்: மக்களே, உன் வாக்கியத்தில் தப்பில்லை. சுழி போட்டவன் பேரில்தான் தப்பு. சார் மன்னிப்புக் கேட்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் பாட்டி சொல்லி, நீங்கள் வெளியூரில் சொல்லக் கூச்சப்படுகிற ஒரு சொல்லைக் கீழே எழுதுங்கள். இந்தத் தடவை சிவப்பு மை கிடையாது.