வாயு வருமுன் வண்டியை மாற்றலாமா?

கடுகண்ணாவை ஏற்றத்தின் அருகே வாழும் எனக்கு எஞ்சினின் குரல் அன்றாடப் பாடம். கண்டி நோக்கிச் செல்லும் லொறிகளும் பஸ்களும் மூச்சிரைத்துக் கரும்புகை கக்கி மேலேறுகின்றன. அப்புகையினூடே எம் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கின்றனர். ஆதலின், டீசல் எஞ்சினை இயற்கை வாயுவால் மட்டுமே இயங்கும்படி மாற்றலாம் என்னும் பேச்சு எழுங்கால், இலக்கணம் கற்பிக்கும் நானும் செவிசாய்க்கின்றேன்.

"எண்ணெய்த் தாங்கியைக் கழற்றிவிட்டு வாயுக் கலத்தைப் பூட்டினாற் போதாதா, ஐயா?" என்று மாணவன் ஒருவன் வினவினான். போதாது. டீசல் எஞ்சினில் தீ மூட்டும் பொறி இல்லை. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்குவதால் எழும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கின்றது. இயற்கை வாயுவின் பெரும்பகுதியாகிய மீதேனோ 500 பாகை செல்சியசுக்கு மேலேதான் தானாகப் பற்றும். எனவே டீசலைப் பீச்சும் கருவியை அகற்றி, அவ்விடத்தில் மின்பொறி தரும் பிளக்கைப் பொருத்தல் வேண்டும்; பிஸ்டனின் தலையைத் திருத்தி நெருக்கத்தைக் குறைத்தல் வேண்டும்; காற்றும் வாயுவும் அளவாகக் கலந்து புக வழிசெய்தல் வேண்டும்; வளிமண்டல அமுக்கத்தைப் போல் இருநூறு மடங்கைத் தாங்கும் கலங்களை ஏற்றல் வேண்டும்.

சிறிதளவு டீசலால் தீ மூட்டி, வாயுவையும் உடன் எரிக்கும் இடைவழியும் உண்டு. அது மணிப்பிரவாள நடை போன்றது. வாயு அருகினால் டீசலுக்கே மீளலாம். வாயுவால் மட்டும் இயங்குவது தனித்தமிழ் நடை. அதில் தூய்மை உண்டு, கடன்சொல்லுக்கு இடமில்லை. வாயு கிடையாத அன்று வண்டி நின்றுவிடும்.

டில்லியின் அனுபவம் இதற்குச் சான்று. நகரப் பஸ்கள் யாவும் வாயுவுக்கு மாறல் வேண்டுமென இந்திய உச்ச நீதிமன்றம் 1998இல் ஆணையிட்டது. 2001 மார்ச்சில் முடியவேண்டிய மாற்றம் 2002 இறுதிவரை நீண்டது. வாயு நிரப்பும் நிலையங்கள் போதாமையால் வண்டிகள் நெடுவரிசையிற் காத்துக் கிடந்தன. எனினும் ஈற்றில் அந்நகரப் பஸ்களின் கரும்புகை நீங்கியது. தமிழ்நாட்டு அரசும் 2024இல் பழைய டீசல் பஸ்கள் சிலவற்றை மாற்றிச் சோதனை தொடங்கியது.

நம் நிலை யாது? மன்னார்க் கடலடியில் 2011இல் வாயு கண்டறியப்பட்டது. அது இன்னும் கரையேறவில்லை. பிறநாட்டு வாயுவை இறக்கும் துறையும் நமக்கு அமையவில்லை. 2022இல் எரிபொருளின்றிப் பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறத்தலாகாது. மேலும், எரியாமற் கசியும் மீதேன் கரியமில வாயுவினும் பன்மடங்கு புவியைச் சூடேற்றும். ஆதலின் மாற்றும் வேலையில் கைத்திறனும் கண்காணிப்பும் ஒருங்கே வேண்டும்.

இவ்வூர்ப் புகையிரத அருங்காட்சியகத்திற்கு மாணவரை அழைத்துச் செல்வதுண்டு. ஒருகால் இந்த மலைப்பாதையை ஆண்ட நீராவி எஞ்சின்கள் அங்கே ஓய்ந்து நிற்கின்றன. 1950களில் வரத் தொடங்கிய டீசல் எஞ்சின்கள் அவற்றை வென்றன. டீசலையும் ஒருநாள் பிறிதொன்று வெல்லும். ஆயினும் உலையில் அரிசி உண்டா என்று பார்த்தன்றோ விருந்தை அழைத்தல் வேண்டும்? வாயு வரும் வழியை முதலில் உறுதிசெய்வோம். எஞ்சினைப் பின்னர் மாற்றுவோம். அதுவரை, அடைபட்ட காற்று வடிகட்டியையும் பழுதுற்ற பீச்சுக் கருவியையும் காலந்தோறும் சீர்செய்தாலே கரும்புகை பெரிதும் குறையும். ஏற்றத்தில் நடந்துவரும் பிள்ளைகளுக்கு நாம் இன்றே செய்யக்கூடிய உதவி அதுவே.